மூன்றாவது தட்டு

நவமணி அக்காவும் நானும் ஒரே கையுறை ஃபேக்டரியில், ஒரே மேசையில், பதினோரு வருடமாக வேலை செய்கிறோம். புக்கிட் பெருந்துங்கில் அவர் வீட்டுக்கு அடுத்த வரிசையில்தான் என் வீடு. காலையில் ஃபேக்டரி பஸ்ஸில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பார். இவ்வளவு பழகியும், அவர் பேச்சு ஏன் சில சமயம் பாதியில் அறுந்துபோகிறது என்று எனக்குத் தெரியவந்தது அவருடைய கணவர் தனபாலன் இறந்து ஒரு வருடம் கழித்துத்தான்.

அன்று ஒரு பெட்டியில் லேபிள் மாற்றி ஒட்டியிருந்தது. அக்காதான் கண்டுபிடித்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "இந்த வரிசை முழுக்க நடு சைஸ், லேபிள்ல பெரிய சைஸ்னு..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த சூப்பர்வைசர் பொறுமையில்லாமல் பேனாவால் மேசையில் தட்டினான். டொக், டொக், டொக். அக்காவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. சத்தம் வரவில்லை. அவன் இரண்டு முறை கேட்டான். அக்கா அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மீதியை நான்தான் சொல்லி முடித்தேன்.

டாய்லெட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தவரிடம், "என்ன அக்கா, மயக்கமா?" என்றேன்.

குழாயை மூடினார். பிறகு, "அவரு தட்டுனாரு, புஷ்பா" என்றார்.

தனபாலன் போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு பஸ்ஸில், கேண்டீனில், என் வீட்டுச் சமையலறையில் என்று துண்டுதுண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஏழாவது மைலில் இருப்பதால் ஏழாங்கட்டைத் தோட்டம் என்பார்கள். அங்கே மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் 'வாய்ப்பூட்டு ராணி' என்ற நாடகம் போடுவார்கள். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் அந்தத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய ஒரு கிராணி எழுதியதாம். நீளமான கணக்குப் புத்தகத்தில் எழுதிய அந்த நாடகத்தில் இன்றுவரைக்கும் ஒரு வரி மாறியதில்லை. பார்க்க வருகிறவர்களுக்கே வசனம் மனப்பாடம்.

கதை இதுதான். சூரகேது ராஜா போருக்குப் போய்த் திரும்புகிறான். ராணி பொன்மேகலையைப் பற்றி மந்திரி கோள் சொல்கிறான். ராணி தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வாயெடுக்கிறாள். "பிரபு, அன்று கோட்டை வாசலில் நான் கண்டது..." அவ்வளவுதான். ராஜா செங்கோலால் தரையில் மூன்று முறை தட்டுகிறான். இனி நான் 'பேசு' என்று சொல்லும்வரை உன் நாக்கு என்னுடையது என்கிறான். பன்னிரண்டு வருடம் ராணி பேசுவதில்லை. அண்ணன் இறந்துபோன செய்தி வரும்போதுகூட வாய்விட்டு அழுவதில்லை. கடைசிக் காட்சியில் ராஜாவுக்குத் தானாகவே உண்மை தெரிகிறது. "பேசு" என்கிறான். ராணி அவன் காலில் விழுந்து, "தங்கள் சித்தம்" என்கிறாள். திரை விழும். பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். கோட்டை வாசலில் ராணி என்ன பார்த்தாள் என்று நாடகத்தில் யாரும் கேட்பதில்லை. எண்பது வருடமாகப் பார்த்தவர்களும் கேட்டதில்லை.

முன்பெல்லாம் ஆண்கள்தான் ராணி வேஷம் கட்டினார்கள். 1996-இல் ராணியாக நடித்தவர் சுங்கை பெசாருக்கு வேலை மாறிப் போய்விட, இருபத்தொரு வயது நவமணி மேடையேறினார். ராஜா வேஷம் தனபாலனுக்கு. அவர் செம்பனை எண்ணெய் ஆலையில் மெக்கானிக். நல்ல உயரம். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரல். ஒத்திகையில் அவர் சத்தம்கூடப் போட்டதில்லையாம். தலையை எவ்வளவு தாழ்த்த வேண்டும், கண்ணை எப்போது நிமிர்த்த வேண்டும் என்று மெதுவாகச் சொல்லித்தருவார். அடுத்த வருடமே கல்யாணம்.

கல்யாணமாகி மூன்றாவது வாரம். தோட்டத்து லயவரிசையில் இருந்த மாமியார் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நவமணி எதையோ உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தனபாலன் பிஸ்கட் டின்னின் மேல் விரல்கணுவால் மூன்று முறை தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். மாமியார், "ராணி, வாய மூடு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நவமணியும் சிரித்துக்கொண்டே வாயை மூடினார்.

"பொய் சொல்லமாட்டேன் புஷ்பா. அன்னைக்கு எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு. நாடகத்த வீட்டுக்கே கொண்டுவந்துட்டாரேன்னு."

அப்புறம் யாரும் இல்லாதபோதும் தட்டினார். குழம்பைப் பற்றிப் பேசினால் தட்டினார். தனபாலனின் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் தட்டினார். மறுபடி பேச வேண்டுமானால் அவர் 'பேசு' என்று சொல்ல வேண்டும். சில நாள் பத்து நிமிடத்தில் சொல்வார். ஒரு முறை நான்கு நாள் சொல்லவில்லை. அக்கா கடைக்குப் போய் வெங்காயத்தையும் புளியையும் விரலால் காட்டி வாங்கி வந்தார். தொண்டை கட்டியிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தார்கள்.

"அடிச்சிருந்தா யாராச்சும் வந்து கேட்டிருப்பாங்க. அவரு என் மேல கை வச்சதே இல்ல."

2004-இல் தனபாலனுக்கு இந்தப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை கிடைத்து, புக்கிட் பெருந்துங்குக்குக் குடிவந்தார்கள். ஆனாலும் வருடா வருடம் தோட்டத்துக்குப் போய் நாடகம் போட்டார்கள். மொத்தம் இருபத்துநாலு வருடம் அவர்தான் ராஜா, இவர்தான் ராணி. இந்த ராணி வாய்மூடி நின்றால் நமக்கே மூச்சு முட்டுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. கோவில் கமிட்டி இரண்டு பேருக்கும் சேர்த்தே மாலை போடும். மாலையோடு எடுத்த படங்களில் அக்கா எவ்வளவு அழகாக இருக்கிறார் தெரியுமா.

ஒரே மகள், மாலா. பள்ளிக் கடைசிப் பரீட்சை எஸ்.பி.எம். முடித்ததும் ஈப்போவில் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்தது. பெண்பிள்ளை அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று தனபாலன் சொல்லிவிட்டார். சாப்பாட்டு மேசையில் மாலா அழுதாள். "அம்மா, நீயாச்சும் சொல்லும்மா. போன வாரம் போகச் சொன்னேல்ல? அப்பாகிட்ட சொல்லு."

அக்கா வாயைத் திறந்தார். தனபாலன் கரண்டியால் தட்டின் விளிம்பில் மூன்று முறை தட்டினார். மாலா அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். எவ்வளவு நேரம் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கடைசியில் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனாள். அடுத்த வருடம் ஒரு தோழியோடு ஜொகூர்பாருவுக்குப் போய், அங்கிருந்து தினமும் சிங்கப்பூர் போய்வரும் வேலையில் சேர்ந்தாள். போன் செய்வதை நிறுத்தினாள். 2021-இல் அப்பா இறந்தபோது காலையில் வந்து சாயங்காலமே போய்விட்டாள். அம்மாவிடம் அவள் பேசியது, "டாக்டர் சர்டிஃபிகேட் எங்க?" என்ற ஒன்றுதான்.

தனபாலன் போனபிறகும் அந்த வீட்டில் சத்தம் நிற்கவில்லை. விடிகாலையில் சுவருக்குள்ளே தட்டும். அடுத்த வீட்டில் தண்ணீர் திறந்தால் பழைய குழாய் அதிர்கிறது என்று குழாய் வேலைக்காரர் சொன்னார். அதற்கு வேண்டியதைச் செய்தும் கொடுத்தார். சத்தம் குறைந்தது, போகவில்லை. அக்கா அடுப்படியில் அசையாமல் நின்று எண்ணுவார்.

"நாலாவது கேட்டா குழாய். மூணோட நின்னா அவரு" என்றார் என்னிடம்.

கொரோனாவால் நின்றிருந்த நாடகத்தை 2023-இல் மறுபடி போட முடிவு செய்தார்கள். தனபாலனின் அண்ணன் மகன் குகன்தான் இப்போது எல்லாவற்றையும் பார்க்கிறான். அக்காவை அழைக்க வீட்டுக்கு வந்தான். நானும் இருந்தேன்.

"சித்தி, ராணி வேஷத்துக்கு ஷர்மினின்னு ஒரு பொண்ணு கிடைச்சிருக்கு. சித்தப்பா எடத்துல நான் ராஜா. நீங்க வந்து முன்வரிசையில உக்காந்தா போதும், ஒரு பொன்னாடை போத்திடுவோம்."

அக்கா, "நான் ராஜாவா நடிக்கிறேன்" என்றார்.

குகன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான்.

"ஆம்பளைங்க ராணியா நடிக்கலயா? அம்பது வருஷம் நடிச்சாங்களே. ராஜா வசனம் எனக்கு ஒரு எழுத்து விடாம தெரியும்."

கமிட்டியில் பெரிய சண்டையே நடந்ததாம். குகனுக்கு மேடையில் ராஜா வசனம் இன்னும் சரளமாக வரவில்லை என்பதால் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மைவி காரில் அவரைக் கூட்டிக்கொண்டு ரவாங், பத்தாங் பெர்ஜுந்தாய் வழியாகத் தோட்டத்துக்குப் போவேன். போகும்போது பேசமாட்டார். வழியெல்லாம் செம்பனை லோரிகளைப் பார்த்துக்கொண்டு வருவார். கோவில் மண்டபத்தில் பெட்டியிலிருந்து செங்கோலை எடுத்துக் கொடுத்தார்கள். ரப்பர் மரத்தில் கடைந்து தங்கக் காகிதம் சுற்றியது. பிடிக்கும் இடத்தில் காகிதம் தேய்ந்து மரம் தெரிந்தது. அக்கா அதைத் தொட யோசித்தார். தொட்டபிறகு கீழே வைக்கவில்லை.

முதல் ஒத்திகையே எனக்குப் பிடிக்கவில்லை. நடிப்பு மோசம் என்று இல்லை. அக்காவின் மெல்லிய உடம்பிலிருந்து அந்தக் குரல் எப்படி வருகிறது என்று கீபோர்ட் வாசிக்கும் ஜீவன் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தனபாலனின் இழுப்பு, தனபாலனின் நிறுத்தம், நடக்கும்போது வலது தோளை முன்னே தள்ளுவது எல்லாம் அப்படியே இருந்தது. மூன்று முறை தட்டினார். ஷர்மினி வாயை மூடினாள். அக்காவின் முகத்தில் ஒரு நிறைவு வந்தது. பசித்தவர் முதல் கவளம் சாப்பிட்டதும் வருமே, அப்படி.

இடைவேளையில் எல்லாரும் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஷர்மினி இருபத்துநாலு வயதுப் பெண், செரண்டாவில் ஒரு அலுவலகத்தில் வேலை. ஓயாமல் பேசுவாள். தன்னோடு வேலை செய்யும் யாரையோ பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். டொக், டொக், டொக். அக்காவின் கையில் இருந்த தண்ணீர்க் குவளை மேசையில் மூன்று முறை பட்டது. ஷர்மினி சட்டென்று நிறுத்தினாள். ஒரு வினாடி அவள் கண்ணில் உண்மையாகவே பயம்.

"ஐயோ ஆன்ட்டி, நெஜமாவே பயந்துட்டேன் லா!" என்று பிறகு சிரித்தாள்.

அக்கா குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் சாப்பிடவில்லை.

திரும்பும் வழியில் ஈஜோக் தாண்டியதும், "ஓரமா நிறுத்து" என்றார். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி நிறுத்தினேன்.

"நான் வேணும்னு தட்டல புஷ்பா. கை தானா தட்டுச்சு. அவ பேச்ச நிறுத்துனதும் எனக்கு எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா? அதான் பயமா இருக்கு."

"விட்டுடுங்க அக்கா. குகனே நடிக்கட்டும்."

"முடியாது." சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவரு செத்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

பிறகு சொன்னார்.

காலை ஆறரை மணி. தனபாலன் குளியலறையில் இருந்தார். அக்கா அடுப்படியிலிருந்து, "தேத்தண்ணி கலக்கவா, குளிச்சிட்டு வந்து..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவில் உள்ளேயிருந்து தட்டும் சத்தம். மூன்று. அக்கா வாயை மூடினார். கரண்டியைச் சத்தமில்லாமல் வைத்தார். எதற்காகக் கோபம் என்று யோசித்துக்கொண்டே நின்றார். 'பேசு' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தார். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ. கதவுக்கு அடியில் தண்ணீர் வழிந்து வரவும்தான் ஓடிப்போய்த் திறந்தார்.

"மாரடைப்பு, உடனே போயிருப்பாரு, நீங்க வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. ஆனா அது என்ன தட்டு, புஷ்பா? வாய மூடுன்னு தட்டுனாரா, என்னைக் காப்பாத்துன்னு தட்டுனாரா? அந்தக் கோலப் புடிச்சா தெரியும்னு நினைச்சேன். தட்டறவனுக்கு உள்ளுக்குள்ள என்ன இருக்கும்னு தெரியும்னு நினைச்சேன்."

"தெரிஞ்சுதா?"

"நல்லா இருக்கு. அது மட்டும்தான் தெரிஞ்சுது."

வண்டியை எடுத்தேன்.

நாடகத்தன்று சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. ரவாங், கிள்ளான், ஷா ஆலம் என்று சிதறிப்போன தோட்டத்துக் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. அக்கா கிரீடம் வைத்து, மீசை ஒட்டி வந்து நின்றதும் கைதட்டல். இரண்டு மூன்று பேர் தனபாலன் பெயரையே சொன்னார்கள். முதல் காட்சி பிசகில்லாமல் போனது. இரண்டாம் காட்சி. மந்திரி கோள் சொல்லிவிட்டுப் போனான். ஷர்மினி இரண்டடி முன்னால் வந்து, "பிரபு, அன்று கோட்டை வாசலில் நான் கண்டது..." என்றாள்.

அக்கா செங்கோலைத் தூக்கினார். தட்டினார். மறுபடி தட்டினார்.

மூன்றாவது வரவில்லை.

கோல் தரைக்கு ஒரு முழம் மேலே நின்றது. நான் மேடையோரம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் நெற்றியில் பூசியிருந்த சாயம் வியர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியது. மண்டபத்தில் குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. எல்லாரும் மூன்றாவதற்காகக் காத்திருந்தார்கள். பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர் தன் கைத்தடியால் தானே தட்டப் போனதை நான் பார்த்தேன்.

ஷர்மினிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாடகப் புத்தகத்தில் ராணிக்கு அதற்குமேல் வசனமே கிடையாது. "நான் கண்டது..." என்று மறுபடி சொன்னாள். தட்டு விழவில்லை. "நான் கண்டது..." என்றாள் மூன்றாம் முறை. குரல் மாறியிருந்தது. பிறகு எங்கிருந்து வந்ததோ, "நான் கண்டது உங்க மந்திரிய. வாசக் கதவத் தெறந்து எதிரிய உள்ள விட்டது அவன்தான். உங்ககிட்ட சொல்லத்தான் ராத்திரி பகலா காத்திருந்தேன். நீங்க வந்து என் மூஞ்சியக்கூட பாக்கல. அவன்கிட்டதான் மொதல்ல கேட்டீங்க" என்றாள். செந்தமிழ் போய், செரண்டாவில் அவள் பேசுகிற தமிழ் வந்துவிட்டது. நிறுத்தாமல் பேசினாள். பேசும்போதே அழுதாள்.

அக்கா மெல்லக் கோலைக் கீழே படுக்க வைத்தார். சிம்மாசனத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

அதோடு நாடகம் முடிந்துபோனது. ராணி சொல்லிவிட்டால் மீதி நாலு காட்சிக்கு வேலையில்லை. ஜீவன் எதை வாசிப்பது என்று தெரியாமல் மங்களத்தை வாசித்தார். குகன் ஓடிப்போய்த் திரையை இழுத்தான். வெளியே கூச்சல். ராணி பேசினால் அப்புறம் நாடகம் எதற்கு என்று கமிட்டித் தலைவர் கத்தினார். அம்மனுக்குக் குற்றம் என்றார் இன்னொருவர். கைதட்டியவர்களும் இருந்தார்கள், ரொம்பப் பேர் இல்லை. குகன் அக்காவிடம், "சித்தப்பா மானத்த வாங்கிட்டீங்க சித்தி" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வருடம் அவனே ராஜாவாக நடித்தான். மூன்று முறையும் சரியாகத் தட்டினான் என்று கேள்விப்பட்டேன். ராணி வேஷத்துக்கு ஷர்மினி வரவில்லையாம்.

அக்கா நடித்த அந்தக் காட்சியை யாரோ போனில் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். நாடகம் முடிந்து எட்டு நாள் கழித்து மாலா கூப்பிட்டாள். அக்கா ஃபேக்டரி கேண்டீனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போனிலிருந்து அவள் குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா, அன்னைக்கு நீ ஏன் எனக்காகப் பேசல?"

அக்கா போனை அடுத்த காதுக்கு மாற்றினார். பயந்தேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மகளும் நம்பியிருப்பாள்.

"பயம் இருந்துச்சு. ஆனா அது மட்டும் இல்ல. பேசாம இருக்கறது பழகிப்போச்சு, மாலா. அவரு தட்டுனா நான் எதுக்கும் பதில் சொல்ல வேணாம். நல்லது கெட்டது எல்லாம் அவரோட போச்சு. உன் விஷயத்துலயும் அப்படியே விட்டுட்டேன்."

மாலா, "சரி" என்று வைத்துவிட்டாள். மூன்று வாரம் சத்தமில்லை. அக்கா இளைத்துப்போனார். பிறகு ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பையோடு வந்து நின்றாள்.

இரண்டு நாள் தங்கினாள். ஒன்றாக அழுது தீர்த்தார்கள் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். ஞாயிறு காலை நான் இட்டலி கொண்டுபோனபோது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆறிப்போன தேத்தண்ணி. சாமி மாடத்துக்குப் பக்கத்தில், காய்ந்த மாலையோடு தனபாலன் படம் மாட்டியிருந்தது. பெரிய படம். உட்காரும் எந்த நாற்காலியிலிருந்து பார்த்தாலும் அவர் நம்மைப் பார்ப்பது போலவே இருக்கும்.

மாலா எழுந்து அதன்மேல் கையை வைத்தாள். "இத எடுத்துடலாம்மா. இத வச்சுக்கிட்டு நீ எப்படித் தூங்குற?"

வேண்டாம் என்று அக்கா வேகமாகத் தலையசைத்தார்.

"அங்கயே இருக்கட்டும். எடுத்துட்டா அவரு எங்க இருக்காருன்னு, செவுத்துக்குள்ளயா என் கையிலயான்னு எனக்குத் தெரியாமப் போயிடும்."

மாலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பாத்திரத்தை மேசையில் வைத்தேன். அவள் படத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து மூன்று தட்டுகளில் இட்டலி எடுத்து வைத்தாள்.